மன்னார்ப் பெருக்க மரமும் மண்ணுக்குள்ளே வாழும் உயிர்களும்



ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் நமது லயங்களில் மடுத் திருவிழாப் பேச்சும் பிறந்துவிடும். வேதக்காரர் மட்டுமா போகிறார்கள்? திருநீறு பூசியவர்களும் மாதாவுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். 15ஆம் திகதி திருவிழா முடிந்ததும் பஸ்ஸை மன்னார்ப் பக்கம் திருப்பச் சொல்லி, திருக்கேதீஸ்வரத்தையும் கும்பிட்டு, கடலையும் கருவாட்டுக் கடையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது வழக்கம். அப்படிப் போய்வந்த எங்கள் லயத்து அம்மாயி ஒருவர், வந்த மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மன்னாரு டவுனுக்குக் கிட்டத்துல ஒரு மரம் பார்த்தோம். ஒடம்பு ஆனை மாதிரி. கொப்பு மட்டும் வேர் மாதிரி. யாரோ பிடுங்கித் தலைகீழா நட்டு வச்ச மாதிரி இருக்கு. அது எந்த ஊரு மரம்? யாரு கொண்டாந்து வச்சாங்க?"

அவர் பார்த்தது பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம். ஆங்கிலத்தில் பேயோபாப் என்பார்கள். தமிழ்நாட்டில் பொந்தம்புளி, ஆனைப்புளி என்றும் பெயருண்டு. பள்ளிமுனை மரத்தின் அடி சுற்றளவு சுமார் 19 மீற்றர். பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் சுற்றிப் பிடிக்கலாம். உயரமோ ஏழெட்டு மீற்றர்தான், நம்ம கிராண்டிஸ் மரத்தில் பாதிகூட வராது. நெடுந்தீவிலும் ஒரு பெருக்க மரம் இருக்கிறது. அதன் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம்.

அம்மாயியின் கேள்விக்கு மன்னாரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அரேபிய வியாபாரிகள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தது, எழுநூறு வருஷம் ஆச்சு." தீவில் சுற்றித் திரியும் கழுதைகளுக்கும் இதே கதைதான். கதை அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மரம் வாய் திறந்து சொல்லாது. அதைக் கொண்டுவந்தவர் யாரும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டும் போகவில்லை.

ஆனால் மரம் தன் கதையைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. அதை வாசிக்கும் வித்தையை மனிதன் கற்று அதிக காலமாகவில்லை.

உடம்புக்குள் ஒரு செக்ரோல்

நம் தோட்டத்தில் யார் எந்த நாளில் பெயர் போட்டார் என்பதற்குச் செக்ரோல் உண்டு. உயிருள்ள எதற்கும் அதுபோல ஒரு ஏடு உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. என்ற இழை. அதில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இந்த நான்கும் மாறி மாறி வரிசையாக அமைந்து, இலை எப்படி இருக்கவேண்டும், பூ எப்போது விரியவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்கின்றன. அந்த முழு ஏட்டுக்குப் பெயர் மரபணுத் தொகுதி. தேயிலைச் செடியின் ஏட்டைச் சீன ஆய்வாளர்கள் 2017இல் முதன்முதலாக முழுமையாக வாசித்தார்கள். அதில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள்! மனிதனுடைய ஏடும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். நாம் கிள்ளும் கொழுந்து சாமானியமானதல்ல.

தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த ஏடு பிரதி செய்து கொடுக்கப்படும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழை பிறகு வழிவழியாகப் போகும். ஒரே பிழை இரண்டு மரத்தில் இருந்தால், அவை இரண்டுக்கும் எங்கோ ஒரு பாட்டி ஒன்று என்று கொள்ளலாம். அதிலும் இலையைப் பச்சையாக்கும் பச்சையவுருமணிக்குள் தனியாக ஒரு சின்ன ஏடு இருக்கிறது. பெரும்பாலான தாவரங்களில் அது தாய்வழியாக, அதாவது விதை வழியாக மட்டுமே வரும். மகரந்தம் காற்றிலோ வௌவால் முகத்திலோ ஒட்டிக்கொண்டு எங்கும் போகலாம். விதை எங்கிருந்து வந்தது என்று அறிய இந்தச் சின்ன ஏடு போதும்.

இப்படி மரபணுவை ஒப்பிடும் முறையில்தான் கரன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியாவில் நிற்கும் பெருக்க மரங்களின் இலைகளை ஆப்பிரிக்க மரங்களின் இலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. ஒருவர் ஒரே தடவையில் கொண்டுவந்தது அல்ல இந்த மரம் என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும், வெவ்வேறு காலங்களில், பல தடவை வந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலி மக்களும் அரேபியரும் செய்த கடல் வாணிபம், பிறகு போர்த்துக்கேயர், அதற்குப் பிறகு ஆங்கிலேய பிரெஞ்சுக் கப்பல்கள் என்று, இந்து சமுத்திரத்தில் ஆள்மாறி ஆள்மாறி நடந்த போக்குவரத்தின் தடம் மரத்தின் உடம்பிலே இருக்கிறது. கப்பலில் வந்தவர்களில் வியாபாரி மட்டுமல்ல, மாலுமியும் சிப்பாயும் அடிமையாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கரும் இருந்தார்கள். பெருக்கம்பழத்தின் புளிப்பு மா அவர்களுடைய ஊர்ச் சாப்பாடு. ஒட்டகத் தீனி என்ற கதையில் இவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது என்பது என் குறை.

எழுநூறு வருஷம் என்ற கணக்கு எப்படி? பெருக்க மரத்தை வெட்டி வளையம் எண்ணிப் பார்க்க இயலாது. உள்ளே பொந்தாகிவிடும், வளையமும் நம்பத் தக்கதல்ல. ருமேனியாவைச் சேர்ந்த அட்ரியன் பட்ரூட் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டத்தாரும் மரத்துக்குள்ளிருந்து சிறு துண்டு எடுத்து, கதிரியக்கக் கரிமக் கணக்கால் வயது பார்ப்பவர்கள். வட இந்தியாவில் கிந்தூர், ஜூன்சி என்ற ஊர்களில் நிற்கும் இரண்டு பெருக்க மரங்களுக்கு 750 முதல் 800 வயது வரை இருக்கும் என்று 2020இல் வெளியிட்டார்கள். போர்த்துக்கேயர் 1498இல் கள்ளிக்கோட்டையில் கால் வைக்கும் முன்பே அந்த மரங்கள் வளர்ந்து நின்றிருக்கின்றன. ஆகவே மன்னார்க்காரர் சொல்லும் வயது நம்பவே முடியாத வயது அல்ல.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. உலகில் பெருக்க மரம் எட்டு வகை. அதில் ஆறு வகை மடகாஸ்கார்த் தீவில் மட்டுமே உண்டு. ஒன்று ஆப்பிரிக்கா முழுவதும், அதுதான் மன்னாருக்கு வந்த வகை. மற்றது அவுஸ்திரேலியாவில். சீனாவின் வூஹான் தாவரவியல் பூங்கா, இங்கிலாந்தின் கியூ பூங்கா, மடகாஸ்கார்ப் பல்கலைக்கழகத்தார் எல்லாரும் சேர்ந்து எட்டு வகையின் மரபணுத் தொகுதியையும் வாசித்து 2024இல் வெளியிட்டார்கள். மடகாஸ்கார்தான் தாய்வீடாம். சுமார் ஒரு கோடியே இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு கிளை அங்கிருந்து கடலில் மிதந்து போய் ஆப்பிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கரை தட்டியிருக்கின்றன. அப்போது கப்பலுமில்லை, கங்காணியுமில்லை!

இதைச் சொன்னதும் அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தாவும் தலைமன்னாருலதான் எறங்கினாரு" என்றார். நம்மில் எத்தனையோ பேருடைய முன்னோர் அந்தக் கரையில்தான் இறங்கினார்கள். காட்டு வழியாக மாத்தளை மட்டும் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்த செக்ரோல் கிடையாது. 1914க்குப் பிறகு தனுஷ்கோடி தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் வந்தன. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தலைமன்னாரிலிருந்துதான் நம் சொந்தங்கள் திரும்பவும் கப்பலேறிப் போனார்கள். 2023இல், இருநூறு வருட நினைவாக, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் நடந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள்.

வி.பி. மலையும் வெதத் தேயிலை மலையும்

"மரத்தோட பூர்வீகம் தெரிஞ்சு நமக்கு என்னா ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம்ம மலையிலேயே இருக்கிறது.

பழைய வெதத் தேயிலை மலையில் ஒவ்வொரு தூரும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று முந்தித் தளிர்க்கும், ஒன்று பிந்தும். ஒன்றின் இலை அகலம், ஒன்றினது சிறுசு. வி.பி. மலையில் அப்படி இல்லை. ஒரு தாய்ச் செடியின் துண்டுகளைத் தவறணையில் வேர்விட வைத்து நட்டது. டி.ஆர்.ஐ. 2025 என்பார்களே (அது வருஷமல்ல, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தேயிலைக்கு வைத்த பெயர்!), அந்த மலையில் ஆயிரம் தூர் இருந்தாலும் ஏடு ஒன்றுதான். கொழுந்து எடுக்க வசதி, விளைச்சலும் கூட. ஆனால் ஒரு தூருக்கு ஒத்துக்கொள்ளாத நோய் வந்தால் அது ஆயிரத்துக்கும் ஒத்துக்கொள்ளாது. வெத மலையில் பத்துத் தூராவது தாக்குப் பிடித்து நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நம் முன்னோர் முதலில் வந்தது தேயிலைக்கல்ல, காப்பிக்கு. 1869இல் காப்பி இலையில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு பங்கசு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. எத்தனையோ குடும்பம் வேலையின்றி ஊருக்குத் திரும்பியது. அந்தக் காப்பி எல்லாம் அராபிகா வகை. அதன் மரபணுவில் வேறுபாடு மிக மிகக் குறைவு என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் நிலை.

இப்போது பெருக்க மரத்துக்கு வாருங்கள். மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2004இல் வெளியானது. கண்டது மொத்தம் சுமார் 40 மரங்கள். ஆப்பிரிக்காவில் இது அரிய மரம் அல்ல. ஆனால் இந்தக் கணக்கெடுப்பில் கண்டது அவ்வளவுதான். இந்த நாற்பதும் பல ஊரிலிருந்து வந்த பல தாயின் பிள்ளைகளா, அல்லது ஒரே காயின் விதைகளா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு இலை போதும், மரபணு வாசித்தால் தெரிந்துவிடும். பல தாயின் பிள்ளைகள் என்றால் எந்த மரத்து விதையை எந்த மரத்து விதையோடு சேர்த்து நடவேண்டும் என்று திட்டம் போடலாம். ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் வெளியிலிருந்து விதை எடுக்க வேண்டி வரும். மடகாஸ்காரில் மிக அருகிவிட்ட வகைகளுக்கு இந்த முறையில்தான் இப்போது வழி பார்க்கிறார்கள். அங்கே ஒரு வகையில் வளர்ந்த மரம் 250கூட மிஞ்சவில்லை.

பெரிய மரமாச்சே, அதற்கென்ன அவசரம் என்று நினைக்கவேண்டாம். ஆப்பிரிக்காவில் மிகப் பழைய 13 பெருக்க மரங்களில் 9 மரங்கள் 2005க்குப் பிறகு முழுதாகவோ பகுதியாகவோ பட்டுப்போய்விட்டன என்று பட்ரூட் கூட்டத்தார் 2018இல் எழுதியபோது உலகமே திடுக்கிட்டது. காலநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

கன்று ஏன் காணோம்?

அம்மாயி நல்ல கூர்மையான ஆள். அடுத்த கேள்வி உடனே வந்தது. "அம்மாம் பெரிய மரத்துக்குக் கீழ ஒரு கன்னுகூடக் காணலியே தம்பி?"

ஒரு காரணம், கன்றை அடையாளம் தெரியாமல் போவது. பெரிய மரத்து இலை விரல் விரித்த கை போல இருக்கும். இளங்கன்றின் இலை தனி இலை. களை என்று நினைத்து வெட்டி எறிந்துவிடலாம். இன்னொரு காரணம் ஆடு, மாடு, கழுதை. அடுத்தது விதையின் ஓடு. ஆப்பிரிக்காவில் யானையும் குரங்கும் பழத்தைத் தின்று விதையைக் கழிக்கும்போது ஓடு இளகிவிடும். மன்னார்த் தீவில் அந்த வேலையைச் செய்ய யானை இல்லை.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அது மண்ணுக்குள்ளே இருக்கிறது.

நல்ல மண்ணில் ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகை எடுத்தால், அதில் நூறு கோடி வரை பக்டீரியா இருக்கும். அவற்றுடன் நூலைவிட மெல்லிய பங்கசு இழைகள் மீற்றர்க் கணக்கில் ஓடும். இந்தப் பங்கசுகளில் ஒரு கூட்டம் செடியின் வேருக்குள் நுழைந்து குடியிருக்கும். நோய் செய்யாது, உறவு செய்யும். உலகத்துத் தரைத் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உறவு உண்டு. பெருக்க மரத்துக்கும் உண்டு, தேயிலைக்கும் உண்டு.

என்ன கொடுக்கல் வாங்கல்? பொசுபரசு என்ற சத்து மண்ணில் அசையாமல் ஓரிடத்தில் கிடக்கும். மன்னார் மண் சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மணல். அங்கே கல்சியம் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம்ம மலை மண் புளித்த மண். இங்கே இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் சத்து இருந்தும் செடி பட்டினி. வேர் தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சியதும் நின்றுவிடும். பங்கசு இழையோ வேர் எட்டாத சந்து பொந்தெல்லாம் புகுந்து பொசுபரசையும் நீரையும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி தான் வெயிலில் சமைத்த சீனியில் பத்தில் ஒரு பங்கை, சில வேளை அதற்கும் மேலே, பங்கசுக்குக் கொடுத்துவிடும். நாற்பது கோடி வருடத்துக்கு முந்திய பாறைகளிலேயே இந்த உறவின் அடையாளம் பதிந்திருக்கிறது.

இந்த உறவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் பைனஸ் மரம் வளர்க்கப் பல வருடம் பாடுபட்டார்கள். நாற்று முளைக்கும், மஞ்சளாகும், செத்துப்போகும். உரம் போட்டும் பலனில்லை. 1955இல் அமெரிக்காவில் பைனஸ் காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து நாற்றின் அடியில் போட்டார்கள். போட்ட நாற்று எழும்பியது, போடாதது செத்தது. அந்த மண்ணில் வந்தது பைனஸ் வேருக்கு உரிய பங்கசு. (பெருக்க மரத்துக்கு உரியது வேறு வகைப் பங்கசு. ஆனால் கணக்கு ஒன்றுதான்.) அதனால்தான் காட்டு மரம் வளர்ப்பவர்கள் தாய் மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நாற்றுப் பையில் கலப்பது. நம் கிழவர்களில் சிலர் காரணம் தெரியாமலே இதைச் செய்துவந்தார்கள்.

மண்ணில் உள்ள நுண்ணுயிரில் பெரும் பகுதியை ஆய்வுகூடத்துத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது, வளராது. ஆகவே வெகுகாலம் அவை இருப்பதே தெரியாமல் இருந்தது. இப்போது மரத்தின் ஏட்டை வாசிக்கிற அதே கருவியில், ஒரு கரண்டி மண்ணிலிருக்கும் எல்லா ஏடுகளையும் கலந்தபடியே வாசித்து யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்கிறார்கள். மரத்து ஆய்வும் மண் ஆய்வும் இந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன.

மன்னார்ப் பாலத்தில் பஸ் போகும்போது அழுகிய முட்டை மணம் ஒன்று வீசும். "மூக்கைப் பொத்து" என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதுவும் நுண்ணுயிரின் வேலைதான். உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லை. அங்கே வாழும் பக்டீரியா கடல்நீரிலுள்ள கந்தகத்தைக் கொண்டு காலம் தள்ளுகிறது. மணக்கிற வாயு அதன் மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடத்தல்தீவுப் பக்கத்துக் கண்டல் மரங்களின் உதிர்ந்த இலை அந்தச் சேற்றில்தான் மக்கி, இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் இரையாகிறது.

2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் கனிய மணல் அகழ்வுக்கும் மேலும் காற்றாலைகள் போடுவதற்கும் எதிராக வீதியில் இறங்கியதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மணலை எடுத்துச் சலித்துத் திரும்பக் கொட்டினால் குழி மூடிவிடும் என்று சொல்வது லேசு. மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேதான் உயிர்களில் பெரும்பங்கு இருக்கிறது. புரட்டிப் போட்ட மணலில் அந்தக் குடியிருப்பு மறுபடி கூடிவரப் பல வருடமாகும். மின்சாரமும் வேண்டும், வருமானமும் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது இதையும் ஒரு வரியாகப் போடவேண்டாமா?

நம்ம மலையிலே

மலைக்குத் திரும்புவோம். 2021 மே மாதம் இரசாயன உரம் தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது நினைவிருக்கும். 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோ. 2022இல் அது 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்ததன் வலி யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மண்ணில் இவ்வளவு நுண்ணுயிர் இருக்கும்போது ஏன் அவை உரத்தின் வேலையைச் செய்யவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள்.

ஆயிரம் கிலோ தேயிலைத் தூள் தோட்டத்தை விட்டுப் போகும்போது அதோடு சுமார் 40 கிலோ நைதரசனும் போகிறது. காற்றில் நைதரசன் நிறைய இருக்கிறது. அதைப் பிடித்துச் சத்தாக்கும் பக்டீரியாவும் இருக்கிறது. ஆனால் அது தேயிலை வேரில் குடியேறாது. அவரை, போஞ்சி, முள்முருங்கை போன்ற குடும்பத்து வேரில்தான் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும். தேயிலைக்கு அந்தச் சத்து போய்ச் சேரவேண்டுமானால், துரைமார் டடப் என்று சொல்லும் அந்த முள்முருங்கையின் கொப்பை வெட்டி மலையில் போட்டு மக்கவிட வேண்டும். பல தோட்டங்களில் நிழல் மரம் குறைந்துபோய், மேல்மண் மழையில் ஆற்றோடு போய், மக்குச் சருகும் இல்லாமல் இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் உரத்தை ஒரே நாளில் நிறுத்தினால் நுண்ணுயிர் எங்கிருந்து வந்து கைகொடுக்கும்? அதற்கும் சாப்பாடு வேண்டுமே. கூட்டெரு போட்டு, நிழல் மரம் வைத்து, ஐந்தாறு வருடம் மண்ணைத் தேற்றிக்கொண்டு உரத்தைக் குறைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கவ்வாத்துக் காலத்தில் வெட்டிய மிலாறு அடுப்புக்குப் போகிறது. விறகுக்கு நாம் படும் பாடு தெரிந்ததுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். தடித்ததை எடுத்துக்கொண்டு இலையையும் சிறு குச்சியையும் தூருக்கடியில் விட்டுவைத்தால் அதுவே பெரிய காரியம்.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். பூப்பூத்த போஞ்சிச் செடி ஒன்றை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கிறது. நமது இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுக்காரப் பொருள்தான் அந்த நிறத்தைக் கொடுப்பது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. மண் அதிகம் புளித்திருக்கலாம், கொஞ்சம் டொலமைற் போட்டுப் பாருங்கள். யூரியாவை அள்ளிப் போட்டாலும் உருண்டை கட்டாது. செடிக்குச் சும்மா கிடைக்கும்போது அது எதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கப்போகிறது? காய் பறித்து முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல், அடியில் வெட்டி எடுத்து வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

அம்மாயி பள்ளிமுனையிலிருந்து சும்மா வரவில்லை. மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு காயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். "இது இங்க மொளைக்குமா?" என்று கேட்டார். லிந்துலைக் குளிருக்கும் மழைக்கும் அது சரிவராது, வெயிலும் காய்ந்த நிலமும் வேண்டும் என்றேன். விதையைக் கொதிநீர் ஊற்றி ஒரு இரவும் பகலும் ஊறவைத்து நடவேண்டும், முதல் இரண்டு மூன்று வருடம் ஆடு மாடு அண்டாமல் வேலி போடவேண்டும், நல்ல மண்ணும் மக்கின சருகும் ஒரு கைப்பிடி கலக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

அவருடைய தங்கை குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியது. தீபாவளிக்கு வந்த தங்கை மகன் கையில் பன்னிரண்டு விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான்கு முளைத்திருக்கிறதாம். இலை தனி இலையாகத்தான் இருக்கிறது, கைபோல விரியவில்லையே, இது அதே மரம்தானா என்று கேட்டுப் போன வாரம் போன் வந்தது.